பேறுகாலக் கவலையும் ரெய்கி முறையும்

ரெய்கி என்னும் ஜப்பானிய முறையைப் பேறுகாலத்தில் கைக்கொள்ளலாமா என்று ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நம் உபாசிகைகள் சிலர் வினவுகின்றனர். அவர்களுள் செவிலியரும் உளர். ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

மிக்காவோ உசுயி (1865–1926) என்பார் 1922-இல் குராமா மலையில் நோன்பிருந்தபின் இம்முறையைப் போதிக்கலானார். உடலின்மீது கைகளை மெல்ல வைத்தால் அவற்றின் வழியே உயிராற்றல் பாயும் என்பது அவர் கொள்கை. சினமும் கவலையும் நீக்கி, நன்றியும் உழைப்பும் அன்பும் பேணுமாறு மாணாக்கருக்கு விதித்தார். இதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயின் அவ்வாற்றலை எக்கருவியும் இதுகாறும் அளந்து காட்டவில்லை. பிற்காலத்தில் ஹவாய்த் தீவின் தக்காத்தா அம்மையார் ஆசான் நிலைக்குப் பதினாயிரம் டாலர் காணிக்கை வைத்தார். காசுக்கு மறைபொருள் விற்கும் வழக்கம் நம் முன்னோர்க்குப் புதிதன்று!

எனினும், கைவைத்தலால் பயனே இல்லையென்று தள்ளிவிடலாகாது. அச்சமுற்ற தாயின் உடலில் அட்ரினலின் என்னும் நீர் மிகுகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் அதனால் தடைப்படுகிறது, வலி நீடிக்கிறது. பேறுகாலம் முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆறுதல் அளித்தால் என்னவாகும் என்பதை 17 நாடுகளில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகள் கண்டன. 2017-இல் அவற்றைத் தொகுத்தோர், அத்தகையோர்க்கு இயல்பான பேறு மிகுந்தும் வலிநேரம் குறைந்தும் இருந்தமையைக் காட்டினர். துணையிருந்தோர் ரெய்கித் தீட்சை பெற்றாக வேண்டியிருக்கவில்லை. இந்திய அரசும் 2016-இல் பொது மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு இசைவளித்தது.

தெலங்கானாவில் இது பெரிதும் வேண்டப்படுவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு நூற்றுக்கு 60.7 பிறப்புகள் அறுவையால் நிகழ்ந்தன. இந்தியா முழுமைக்கும் 21.5. அறுவை உயிர் காப்பது, ஐயமில்லை. ஆனால் வலிக்கு அஞ்சி அதனை வேண்டுவோரும், முகூர்த்தம் பார்த்து வயிற்றைக் கீறச் சொல்வோரும் உளரே! இந்நகரின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-இல் மருத்துவச்சிப் பயிற்சியைத் தொடங்கிற்று. 2017-இல் மாநில அரசும் அதனுடன் சேர்ந்து செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி அளிக்க முற்பட்டது.

மருத்துவச்சியைத் தெலுங்கர் மந்திரசானி என்பர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்களே இப்பணி புரிந்தனர். குழந்தையை முதலில் ஏந்திய கை அவர்களுடையது; பிள்ளை பிறந்தபின் அதே கை தீட்டென்று விலக்கப்பட்டது. தொடுதலில் ஆற்றலுண்டு என்று இன்று பொருள் கொடுத்துக் கற்போர் இதனை எண்ணுவார்களாக. நம் சகோதரிகள் எவரிடமும் தீட்சை பெற்றுத் தம் கையைத் தூய்மை செய்துகொள்ள வேண்டுவதில்லை. சோப்பும் நீரும் போதும்.

அங்குலிமாலர் சாவத்தியில் பிச்சைக்குச் செல்கையில் பேறுவலியால் துடிக்கும் பெண்ணைக் கண்டு மனமிரங்கினார். தாம் பிறந்தது முதல் எவ்வுயிரையும் அறிந்து கொன்றதில்லை, அவ்வுண்மையால் தாயும் கருவும் நலம் பெறுக என்று சொல்லுமாறு பகவர் கூறினார். பலரைக் கொன்ற தமக்கு அது பொய்யாகுமே என்றார் அங்குலிமாலர். ஆரியப் பிறப்பெய்திய நாள் முதலாக என்று திருத்திக் கொடுத்தார் பகவர். (இங்கு ஆரியம் குலமன்று, துறவால் எய்திய மேன்மை.) அதனைக் கூற, இருவரும் நலமுற்றனர் என்கிறது மஜ்ஜிம நிகாயம். அவர் கைவைத்ததாக அதிலில்லை. கூலி பெற்றதாகவும் இல்லை. அப்பரித்தத்தை இன்றும் இலங்கையில் கருவுற்ற பெண்களுக்காக ஓதுகின்றனர்.

மருத்துவச்சிக்கும் கவலையுண்டு. ஆலைத் தறியருகே உழைத்த எனக்கு, அஞ்சும் கை நூலை அறுக்கும் என்பது தெரியும். பணி தொடங்குமுன் சில கணம் மூச்சை நோக்கி இருங்கள். தாய் விரும்பினால் அவள் இடுப்பிலோ தோளிலோ கை வையுங்கள். ரெய்கி என்று அழைப்போர் அழைக்கட்டும். ஆனால் குருதிப் பெருக்கு, வலிப்பு, கடுந்தலைவலியுடன் கண்மங்கல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் கைவைத்துக் காத்திராதீர். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவள் கையைப் பற்றியிருங்கள்.