குளிர்காலம் தேடும் செடி

வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, கற்றாழை ஆகிய செடிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சில வீடுகளில் அவற்றுக்கு இடையே சற்று வித்தியாசமான சிறு தொட்டி ஒன்றும் இருக்கும். அதில் உள்ளங்கை அளவே உள்ள செடி. அதன் இலை நுனிகள் சிப்பியைப் போலத் திறந்திருக்கும். ஓரங்களில் இமைமுடி போன்ற நீண்ட முட்கள். ஈயோ எறும்போ உள்ளே நடந்தால் இலை சட்டென்று மூடிக்கொள்ளும். இதுதான் வீனஸ் பூச்சிப்பொறி.

செடியை வாங்கிய முதல் சில மாதங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம்தான். நண்பர்கள் வந்து பார்ப்பார்கள். தம்பி தங்கைகள் குச்சியால் இலையைச் சீண்டி விளையாடுவார்கள். ஓராண்டு கழிந்ததும் புதிய இலைகள் சிறுத்துப்போகும். பொறிகள் மெதுவாக மூடும். அடுத்த ஆண்டில் பெரும்பாலும் செடியே பட்டுப்போகும். “தண்ணீர் ஊற்றினோமே, வெயிலில் வைத்தோமே, பூச்சியும் கொடுத்தோமே!” என்று வீட்டார் வருந்துவார்கள். அவர்கள் அதற்குக் கொடுக்காதது ஒன்றுண்டு. அது குளிர்காலம்.

வீனஸ் பூச்சிப்பொறி உலகில் ஒரே ஒரு வட்டாரத்தில்தான் இயற்கையாக வளர்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியே அதன் பிறப்பிடம். அங்குள்ள ஈரமான மணற்பாங்கான நிலத்தில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டவே செடி பூச்சியைப் பிடிக்கிறது. மற்றபடி, மற்றச் செடிகளைப் போல அதுவும் சூரிய ஒளியைக் கொண்டே உணவைத் தயாரிக்கிறது.

பொறியின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடிகள் இருக்கும். ஒருமுறை தொட்டால் பொறி அசையாது. ஏறத்தாழ 20 விநாடிகளுக்குள் இரண்டாவது முறை தொட்டால்தான் மூடும். ஒரு தூசு விழுந்ததற்கெல்லாம் மூடி ஏமாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் செடி தன் ஆற்றலைச் செலவிடுகிறது. குச்சியால் சீண்டுவோர் இதை அறிவதில்லை. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875இல் தனி நூல் வெளியிட்ட சார்ல்ஸ் டார்வின், இந்தச் செடியையும் அதில் விரிவாக ஆராய்ந்தார்.

கரோலினாவில் கோடையின் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பரில் அது சுமார் 10 மணி நேரமாகக் குறைந்துவிடும். சில இரவுகளில் உறைபனியும் விழும். பகல் குறைவதையும் குளிர் கூடுவதையும் செடி உணர்கிறது. அதன் பெரிய இலைகள் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன. தரையை ஒட்டிச் சில சிறிய இலைகள் மட்டும் எஞ்சுகின்றன. சேமித்த உணவை மண்ணுக்கடியில் உள்ள தண்டில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மாதங்கள் அது வளராமல் ஓய்வெடுக்கிறது. இதற்குக் குளிர்கால உறக்கம் என்று பெயர்.

சிங்கப்பூரில் இந்த அறிகுறிகள் எதுவும் கிடைப்பதில்லை. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 10 நிமிடத்தைக்கூட எட்டாது. வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதாகப் பதிவும் இல்லை. கரையோரப் பூந்தோட்டத்தின் மேகக் காட்டுக் கண்ணாடிக் கூடத்தில் நுழைந்ததும் பலர் கைகளைக் கட்டிக்கொள்வர். ஆனால் அங்கும் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரிதான். பூச்சிப்பொறி உறங்குவதற்கோ ஏறத்தாழ 10 டிகிரிக்கும் குறைவான குளிர் வேண்டும். அது கிடைக்காத செடி, இரவே இல்லாத நாளில் வேலை செய்பவரைப் போல ஓய்வின்றி வளர்ந்து களைத்துவிடுகிறது.

அப்படியானால் குளிர்நாடுகளில் இதை வளர்ப்பது எளிது என்று தோன்றலாம். தொட்டியை வெளியே வைத்துவிட்டால் போதாதா? அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது.

நிலத்தில் வேரூன்றிய செடிக்குப் பூமியே போர்வை. மேல்மண் உறைந்தாலும் அடிமண்ணில் சிறிது வெப்பம் தங்கியிருக்கும். தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குளிர் அதை எல்லாப் பக்கங்களிலிருந்தும் தாக்கும். சிறிய தொட்டியாக இருந்தால் மண் முழுவதும் ஒரே இரவில் கட்டியாக உறைந்துவிடக்கூடும். அப்போது வரும் பெரிய ஆபத்து, வியப்பாக இருந்தாலும், வறட்சிதான்! பனிக்கட்டியாக மாறிய நீரை வேரால் உறிஞ்ச முடியாது. மேலே வீசும் குளிர்காற்றோ இலைகளிலுள்ள ஈரத்தைத் தொடர்ந்து பறித்துக்கொண்டே இருக்கும். தொட்டி நிறைய நீர் இருந்தும் செடி தாகத்தால் மடியும்.

அதனால் அங்குள்ளவர்கள் குளிரை முற்றிலும் தடுக்க முயல்வதில்லை. அதன் கடுமையை மட்டும் குறைக்கிறார்கள். சிலர் தோட்டத்தில் குழி தோண்டித் தொட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து வைப்பார்கள். சிலர் பல தொட்டிகளை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் காய்ந்த இலைகளையோ பைன் மரத்தின் ஊசியிலைகளையோ பரப்புவார்கள். காற்று நேராகத் தாக்காத சுவரோரம் நல்ல இடம். குளிர் மிகக் கடுமையாக உள்ள ஊர்களில், வெப்பமூட்டப்படாத கொட்டகைக்குள் தொட்டிகளை நகர்த்துவதும் உண்டு. இரக்கப்பட்டுச் செடியைக் கதகதப்பான வரவேற்பறைக்குள் கொண்டுவருபவர்தாம் அதன் உறக்கத்தைக் கெடுப்பவர். இலைகள் கருகியதைக் கண்டு, செடி இறந்துவிட்டதென்று குப்பையில் போடுபவரும் உண்டு.

பனிப்பொழிவும் செடிக்கு உதவியே. தரையில் படிந்த பனி, காற்றை உள்ளடக்கிய கம்பளியைப் போலச் செயல்படும். கனடாவில் வளரும் ஊதாக் குடுவைச் செடி இதற்குச் சான்று. நியூஃபவுண்ட்லாந்து மாநிலம் 1954இல் அதைத் தன் மாநில மலராக ஏற்றது. அதன் குடுவைகளில் தேங்கும் மழைநீர் குளிர்காலத்தில் பனிக்கட்டியாகிவிடும். அந்தக் கட்டிக்குள்ளேயே ஒருவகைக் கொசுவின் புழுக்கள் உறைந்து கிடந்து, வசந்தத்தில் பனி உருகியதும் மீண்டும் நெளியத் தொடங்கும். செடி மட்டுமன்று, அதை நம்பி வாழும் கொசுவும் குளிர்காலத்தை உறங்கியே கழிக்கிறது.

கொசு என்றதும் சிங்கப்பூர்வாசிகளின் கவனம் தொட்டியின் அடித்தட்டுக்குப் போவது இயல்பே. பூச்சிப்பொறிக்கு எப்போதும் ஈரம் வேண்டும். ஆகவே, தொட்டியை ஆழமற்ற தட்டு நீரில் நிறுத்துவது வளர்ப்போரின் வழக்கம். ஆனால், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவதும் இப்படிப்பட்ட தெளிந்த தேங்குநீரைத்தான். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம். தட்டிலுள்ள நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி, புதிய நீர் ஊற்ற வேண்டும். அதுவும் மழைநீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோ இருப்பது நல்லது. நீரில் கரைந்துள்ள தாது உப்புகள் இச்செடிக்கு ஒத்துக்கொள்ளா.

சரி, குளிருக்கு எங்கே போவது? லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளில் மல்லிகை மொட்டுகளைக் குளிர்பெட்டியில் வைப்பதுண்டு. குளிரில் மொட்டு விரிவது தாமதமாகும். பூச்சிப்பொறி வளர்ப்போரும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். கருகிய இலைகளை நீக்கி, வேரை ஈரமான பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் அது தோசை மாவுக்கும் தயிருக்கும் பக்கத்தில் உறங்கும். வீட்டிலுள்ள பெரியவர்களின் சம்மதத்தை முதலிலேயே பெற்றுவிடுவது புத்திசாலித்தனம்! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பூஞ்சை பிடித்துள்ளதா என்று பார்ப்பார்கள். பிறகு செடியை மீண்டும் நட்டு, சில நாள்கள் நிழலில் வைத்த பின்னரே வெயிலுக்குக் கொண்டுவருவார்கள்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. சிங்கப்பூருக்கே உரிய பூச்சியுண்ணும் செடிகள் இருக்கின்றன. இங்கு மூவகைக் குடுவைச் செடிகள் இயற்கையாக வளர்கின்றன. மலாய்க்காரர்கள் இவற்றைக் குரங்குப் பானை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 1819இல் இங்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ஜாக், இவற்றைக் கண்டு வியந்தார். அவற்றுள் ஒன்று ராஃபிள்ஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இன்னொன்று தரையோரம் குட்டைக் குடுவைகளைக் கூட்டமாக விரித்து, விழும் சருகுகளையும் உணவாக்கிக்கொள்கிறது. பூச்சியுண்ணும் செடி என்று பெயர் பெற்றதற்கு இது சற்று அடக்கமான சாப்பாடுதான்.

காட்டிலும் பூங்காவிலும் இவற்றைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பூச்சிப்பொறியின் சொந்த ஊரிலும் திருட்டு பெருகியதால், வட கரோலினா 2014இல் அதைக் கடுங்குற்றமாக அறிவித்தது. நாற்றங்காலில் வளர்த்து விற்கப்படும் குடுவைச் செடிகளை மட்டுமே வாங்க வேண்டும்.

கெண்ட் ரிட்ஜ் பூங்காவின் புதர்களில் இந்தக் குடுவைச் செடிகள் கொடியாகப் படர்ந்திருப்பதைக் காணலாம். அவற்றுக்கு உறக்கமும் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். ஜூன் மாத வெயிலிலும் டிசம்பர் மழையிலும் அவற்றின் இலை நுனிகளில் புதிய குடுவைகள் தொங்கிக்கொண்டே இருக்கும்.