கடைக்காரர் அறிய வேண்டிய காஃபின் கணக்கு



சென்ற தேர்வுக் காலத்தில், என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், வழக்கமாக வாங்கும் இரண்டு பெட்டி எனர்ஜி டிரிங்குக்குப் பதில் ஐந்து பெட்டி கேட்டார். யார் வாங்குகிறார்கள் என்றேன். "எல்லாம் பிளஸ் டூ பசங்கதான் அண்ணாச்சி. காபி மெதுவா ஏறுமாம், இது உடனே ஏறுமாம்" என்றார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விசாரித்துப் படித்தபோது விஷயம் வேறாக இருந்தது.

உடலில் சேரும் விதம்

காபி, டீ, கோலா, எனர்ஜி டிரிங்க் எதுவானாலும் அதிலுள்ள காஃபின் ஒன்றே. அது பெரும்பாலும் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. சுமார் 45 நிமிடங்களில் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். வயிற்றில் உணவு இருந்தால் சற்றுத் தாமதமாகும்.

2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 24 இளைஞர்களுக்கு 160 மில்லிகிராம் காஃபினைச் சூடான காபி, குளிர்ந்த காபி, எனர்ஜி டிரிங்க் என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். காபியை 2 நிமிடத்தில் குடித்தாலும் 20 நிமிடத்தில் குடித்தாலும், டின் பானம் குடித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சூயிங்கம் மட்டும் சற்று வேறு. மெல்லும்போதே வாயின் உட்தோல் வழியாகக் கொஞ்சம் சேர்கிறது. 2002இல் வெளியான அமெரிக்க ராணுவ ஆய்வில், சூயிங்கம்மில் 44 முதல் 80 நிமிடத்திலும், கேப்சூலில் 84 முதல் 120 நிமிடத்திலும் காஃபின் ரத்தத்தில் உச்சத்தை எட்டியது. சேர்ந்த மொத்த அளவு ஏறத்தாழ ஒன்றே.

வரவு வேகம், கழிவு மெதுவு

ரத்தத்தில் சேர்ந்த காஃபினில் பாதி கழியப் பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்தால் 2 மணிக்கும் பாதி பாக்கி நிற்கும். தூக்கம் கெட்டுப் பரீட்சைக்குப் போகும் பையனுக்கு என்ன லாபம்? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதி கழியவே 15 மணி நேரம் வரை ஆகலாம்.

ஆகவே சூடா, குளிர்ச்சியா என்பதல்ல. எவ்வளவு, எப்போது, யார் என்பதே கணக்கு.

நம் சரக்கில் எவ்வளவு?

1. சிக்கரியில் காஃபின் கிடையாது. சிக்கரி கூடினால் காஃபின் குறையும்.
2. ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உண்டு.
3. காபித்தூள் சேர்க்காத சுக்குக் காபியில் காஃபின் இல்லை.
4. எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. அதன்படி 250 மில்லி டின்னில் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

நாளொன்றுக்குப் பெரியவர்களுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை பாதகமில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது.

நாம் செய்ய வேண்டியது

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று எனர்ஜி டிரிங்க் டின்னிலேயே அச்சிட்டிருக்கும். எழுத்து சிறியது; வாங்குபவர் படிப்பதில்லை. நாம் படித்துச் சொல்லலாம். சிறுவர் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்காமல் இருக்கலாம். காபித்தூள் கேட்பவரிடம் சிக்கரி எத்தனை சதவீதம் என்று சொல்லி விற்கலாம்.

அந்த வியாபாரிக்கு அன்று இரண்டு பெட்டிதான் போட்டேன். முதலில் முகம் சுளித்தார். டின்னில் இருப்பதைப் படித்துக் காட்டிய பிறகு, "என் பையனும் இந்த வருஷம் பிளஸ் டூதான் அண்ணாச்சி" என்றார்.