சங்கிலி ரம்பம் வாங்குமுன்

மழைக்காலத்திற்கு முன் மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் மரக்கிளை கழிக்கும் ஒப்பந்தக்காரர்கள், புதிய சங்கிலி ரம்பத்திற்குக் கடன் நாடி நம்மிடம் வருகின்றனர். பலர் விலையை மட்டுமே ஒப்பிடுகின்றனர். ஜெர்மனியின் ஸ்டில், சுவீடனின் ஹஸ்க்வர்னா, விலை குறைந்த பிற தயாரிப்புகள் எவையாயினும், விலையை ரம்பம் உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டுகிறோம். எடுத்துக்காட்டாக, ஓராண்டு உழைக்கும் ரூ.12,000 ரம்பத்திற்கு மாதச் செலவு ரூ.1,000, நான்காண்டு உழைக்கும் ரூ.36,000 ரம்பத்திற்கு ரூ.750.

உதிரிப்பாகங்கள் அருகில் கிடைக்குமா எனவும் விசாரியுங்கள். இயந்திரம் பழுதாகி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

அனைத்திலும் முதன்மையானது சங்கிலி பிரேக். ரம்பம் இயக்குபவரை நோக்கி எகிறும்போது சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்துவது அதுவே. அதைக் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ரூ.50,000 வரையிலான முத்ரா சிசுக் கடனுக்குப் பிணை தேவையில்லை. ஆகவே, பணம் போதவில்லையென்று பிரேக் இல்லாத ரம்பத்தை வாங்காதீர்கள். அதை ஏந்தப்போவது உங்களை நம்பி வேலைக்கு வந்த ஒருவரின் கை.