சுண்ணக்கல் மலைவழி

மலையேறுதல் உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உவகையும் தருவதாகும். ஆயினும், எல்லா மலைகளும் ஒரு தன்மையன அல்ல. ஆதலின், எல்லா மலைகளிலும் ஒரே வகையாக நடத்தலும் ஆகாது. சென்னைப் பரங்கிமலையின் படிகளில் ஏறியோர் அதன் பாறையின் வன்மையை அறிவர். அது சார்னகைட் எனப்படும் கடும்பாறை. மழைநீரில் எளிதிற் கரைவதன்று. ஆனால், மழைநீரிலேயே கரைந்து, உள்ளே குடைவுபட்டு, குகைகளும் சுரங்கங்களுமாக நிற்கும் மலைகளும் உலகில் உள. அவையே சுண்ணக்கல் மலைகள். அத்தகைய மலைக்காடு ஒன்றினையும், அதனுள் செல்லும் நடைவழியினையும், அவ்வழியே செல்வோர்க்குரிய கடமையினையும் இப்பாடத்திற் காண்போம்.

சுண்ணக்கல்லின் இயல்பு

சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருளன்று. கிளிஞ்சல்களைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலுடன் சேர்த்து நெடுநேரம் அரைத்த சாந்தினையே பழஞ்சென்னையின் வீடுகளுக்குப் பூசினர். பளிங்கு போல் மின்னிய அச்சாந்தின் புகழ் கடல்கடந்தும் பரவியிருந்தது. கிளிஞ்சலில் உள்ள கால்சியம் கார்பனேட் என்னும் பொருளே சுண்ணக்கல்லிலும் உள்ளது. பண்டைக் காலத்தில் கடலடியில் அப்பொருள் அடுக்கடுக்காகப் படிந்தது. மேலுள்ள படிவுகளின் அழுத்தத்தால் இறுகிக் கல்லாயிற்று. நிலம் உயர்ந்தபோது மலையுமாயிற்று.

வானினின்று விழும் மழைத்துளி காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைத் தன்னுடன் சேர்த்துக் கொள்கிறது. அதனால் அந்நீர் மெல்லிய புளிப்புத் தன்மையை அடைகிறது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும்போது அந்நீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. வெடிப்பு பிளவாகும், பிளவு குகையாகும். கரைத்த சுண்ணத்தைச் சுமந்து வரும் துளி, குகையின் கூரையில் ஒரு கணம் தொங்கி நிற்கும்போது, அதிலுள்ள வாயு பிரிந்துவிடும். உடனே, சுண்ணத்தில் ஓர் அணுவளவு கூரையில் ஒட்டிக்கொள்ளும். இங்ஙனம் கூரையிலிருந்து கீழ்நோக்கி வளர்வது கல்விழுது எனப்படும். துளி விழுந்த இடத்தில் மேல்நோக்கி வளர்வது கல்முளை எனப்படும். இரண்டும் கூடினால் கல்தூண் தோன்றும். நீரே சிற்பி, நீரே உளி.

இச்சிற்பி விரைந்து தொழில் செய்வதில்லை. கல்விழுது ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே பெரும்பாலும் வளர்கிறது. ஒரு சாண் நீளம் வளர ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வேண்டும். சங்கப் புலவர் வாழ்ந்த நாளில் சொட்டத் தொடங்கிய துளி, இன்று நம் சாணளவு விழுதாக நிற்கும் என்றால், அதன் அருமையை உணரலாம்.

காங்கேர்ப் பள்ளத்தாக்கு

இத்தகைய நிலத்தை நம் நாட்டிலேயே காணலாம். சத்தீசுகட் மாநிலத்தில் பஸ்தர் என்னும் பகுதி உள்ளது. இராமகாதையில் வரும் தண்டகாரணியம் இப்பகுதியைச் சார்ந்ததென்பர். விசாகப்பட்டினத்தைக் கடந்து, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சுரங்கங்களினூடே செல்லும் இருப்புப்பாதை வழியாகப் பஸ்தரின் தலைநகரான ஜகதல்பூரை அடையலாம். புகழ்பெற்ற பொர்ரா குகைகளும் இவ்விருப்புப்பாதை ஓரத்திலேயே உள்ளன. அவையும் சுண்ணக்கல்லில் நீர் குடைந்தனவே.

ஜகதல்பூருக்கு அண்மையில், காங்கேர் என்னும் ஆற்றின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு 1982-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 200 சதுர கிலோமீட்டர். சால மரமும் தேக்கும் மூங்கிலும் அங்கே அடர்ந்து வளர்கின்றன. மனிதர் பேச்சைப் போலவே ஒலி எழுப்ப வல்ல மலைமைனா இக்காட்டில் வாழ்கிறது. அதுவே அம்மாநிலத்தின் பறவையுமாகும். தீரத்கட் என்னுமிடத்தில் நீர்வீழ்ச்சி ஒன்று பாறைப் படிகளில் வெண்ணிறமாய் இழிந்து வருகிறது. 2025-ஆம் ஆண்டில், உலக மரபுச் சின்னங்களாவதற்குரிய இடங்களின் முன்பட்டியலில் இப்பூங்காவும் சேர்க்கப்பெற்றது.

இருளில் ஒரு நடை

இப்பூங்காவின் குகைகளுள் சிறந்தது கோட்டும்சர் குகை. கதிரவன் ஒளி நுழையாத இக்குகையினை 1950-க்குப் பிந்திய ஆண்டுகளில் சங்கர் திவாரி என்னும் பேராசிரியர் ஆராய்ந்து உலகறியச் செய்தார். இதன் வாயில் மிகக் குறுகியது. உடலை ஒடுக்கிக்கொண்டு செங்குத்தான படிகளில் இறங்குதல் வேண்டும். விளக்கேந்திய உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்வார். இறங்க இறங்க வெளியொலி அடங்கும். துளி சொட்டும் ஓசையே கேட்கும். விளக்கொளி படும்போது கல்விழுதுகள் ஆலம் விழுதென, தொங்கும் திரையென, யானைத் துதிக்கையென வெவ்வேறு வடிவில் தோன்றும். உள்ளே உள்ள கல்முளை ஒன்றினைச் சிவலிங்கமெனப் போற்றி மக்கள் வணங்குகின்றனர்.

இவ்விருளிலும் உயிர்கள் உள. குகைநீரில் சிறு மீன்கள் வாழ்கின்றன. அவை நம் வயல்களிலும் குளங்களிலும் காணும் அயிரையின் உறவினமாகும். வெளியே ஓடும் நீரிலுள்ள அவற்றின் இனத்திற்குக் கண்ணும் நிறமும் உண்டு. குகையினுள் வாழ்பவற்றிற்கோ, பயனின்மையால் கண் சுருங்கியது; நிறமும் மங்கியது. இருளில் கண்ணுக்கு வேலை இல்லை. ஆயினும் வாழ்வுக்கு வழி உண்டு. நீண்ட உணர்கொம்புகளால் தடவி வழியறியும் சிள்வண்டு இனம் ஒன்றும் இங்கே உண்டு. அதன் அறிவியற் பெயரில் சங்கர் திவாரியின் பெயர் நிலைத்திருக்கிறது.

மழைக்காலத்தில் குகையினுள் வெள்ளம் புகும். அப்போது வாயில் அடைக்கப்படும். மழை ஓய்ந்து நீர் வடிந்த பின்னரே மக்கள் உள்ளே விடப்படுவர். மனிதரின்றி மலை தன் தொழிலைச் செய்து கொள்ளும் காலம் அது.

வழியும் வரம்பும்

இத்தகைய இடங்களில் நடைவழியை விட்டு விலகலாகாது என விதித்திருப்பதேன்? காரணங்கள் பல. சுண்ணக்கல் நிலத்தில் ஆழ்ந்த பிளவுகள் சருகால் மூடப்பட்டுக் கிடக்கும். விலகி நடப்போர் வீழ்வர். அன்றியும், பலர் மிதித்த மண் இறுகிவிடும். அங்கே விதை முளையாது. குகையினுள்ளோ தீங்கு இன்னும் மிகுதி. நம் கையிலுள்ள எண்ணெய்ப்பசை கல்விழுதிற் படின், சுண்ணம் அங்கே ஒட்டாது. அதன் வளர்ச்சி தடைப்படும். தீப்பந்தத்தின் புகை வெண்கல்லைக் கறுப்பாக்கும். பெயர் பொறிக்கும் ஆணியோ ஆயிரம் ஆண்டின் உழைப்பை ஒரு நொடியில் அழிக்கும்.

யாவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. மணல்நிலத்தில் மழைநீர் மெல்ல ஊறி வடிகட்டப்படுகிறது. சுண்ணக்கல் மலையிலோ, அது பிளவுகள் வழியே விரைந்து கீழிறங்கி, அடிவாரத்து ஊற்றாக வெளிப்படுகிறது. வடிகட்ட இடையில் மண் இல்லை. ஆதலின், மலையுச்சியில் ஒருவன் எறியும் அழுக்கு, அடிவாரத்தில் மற்றொருவன் மொள்ளும் குடத்தில் கலக்கும். மேலே நடப்பவன் கீழே வாழ்பவனைக் கண்டதில்லை; ஆயினும், அவன் நலம் இவன் கையில் உள்ளது. நடைவழி நமக்கு உரிமை தருவது. அவ்வுரிமைக்கு வரம்பு வகுப்பதும் அதுவே.

பத்துமலையின் படிப்பினை

தமிழர் வாழ்வோடு பிணைந்த சுண்ணக்கல் குன்று ஒன்றும் உண்டு. மலேசியத் தலைநகர் கோலாலம்பூருக்கு வடக்கேயுள்ள பத்துமலையே அது. அங்குள்ள குகையில் தம்புசாமிப் பிள்ளை 1891-ஆம் ஆண்டில் முருகனுக்குக் கோயில் கண்டார். அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம் அங்கே கொண்டாடப்பட்டு வருகிறது. 272 படிகள் ஏறிக் காவடியுடன் மக்கள் செல்கின்றனர். அக்குன்றின் ஒரு புறம் பக்தர் ஏறினர். மறுபுறத்தைக் கல்லுடைப்போர் வெடிவைத்துத் தகர்த்து வந்தனர். பல்லாண்டுகளாக நடந்த அத்தொழில் 1980-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டது. வீடு கட்டவும் சாலை அமைக்கவும் சுண்ணக்கல் வேண்டுவதே, அதை மறுப்பாரில்லை. ஆனால், எந்தக் குன்றை உடைப்பது, எதனைக் காப்பது என ஆராய்ந்து தெளிதல் அறிவுடையோர் கடமையாகும். உடைத்த குன்று மீண்டும் வளராது.

நம் ஊரில்

காங்கேருக்கும் பத்துமலைக்கும் எல்லாரும் செல்லல் இயலாது. ஆயினும், காட்டில் நடக்கும் முறையைக் கற்கச் சென்னை மாணவர்க்கு வாய்ப்பில்லாமல் இல்லை. அடையாற்றுக்கு அருகே, நகரின் நடுவே, கிண்டித் தேசியப் பூங்கா உள்ளது. 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவான இதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. மலையோ குகையோ இங்கில்லை. எனினும் வெளிமானும் புள்ளிமானும் உலவுகின்றன. மழையின்போது குட்டைகளில் நீர் நிறைகிறது. இதன் காடு முன்னாளில் இன்னும் பரந்திருந்தது. கல்விக்கூடங்களும் நினைவு மண்டபங்களும் எழுந்தபோது சுருங்கிற்று. எஞ்சியதே இன்று நாம் காண்பது.

இதனை அடுத்துள்ள சிறுவர் பூங்காவிற்குச் செல்லும்போது, மானுக்குத் தின்பண்டம் எறியாமை, கூச்சலிடாமை, கொண்டு சென்ற பையை மீண்டும் கொண்டு வருதல், குறித்த வழியிலேயே நடத்தல் ஆகிய நான்கையும் கைக்கொள்ளுங்கள். இவை சிறியவையாகத் தோன்றும். ஆனால், கிண்டியின் சமநிலத்தில் இவற்றைப் பழகிய கால்களே, நாளை காங்கேரின் மலைவழியில் தீங்கின்றி நடக்க வல்லன. ஒரு துளியின் பொறுமையால் ஆகியது அம்மலை. அம்மலையின்கண் நடப்போர்க்கும் பொறுமையே முதல் தகுதியாகும்.