புதைபடிவமும் பிழைப்பும்

கேள்வி: ஜியாலஜி பி.எஸ்சி. கடைசி ஆண்டு படிக்கிறேன். தொல்லுயிரியலில் மேலே படிக்க ஆசை. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட ஆசை. "காடுமேடு சுத்துற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு? அதுல சோறு கிடைக்குமா?" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: சோறு கிடைக்கும். ஆனால் 'டைனோசர் ஆராய்ச்சியாளர் தேவை' என்று விளம்பரம் வராது. எம்.எஸ்சி. முடித்து யு.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சிதான் என்றால் லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. 1949 ஏப்ரலில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஒரே வாரத்தில், அதைத் தொடங்கிய சாஹ்னி காலமானார். அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர் மனைவி சாவித்ரி. எண்ணெய் தேடும் நிறுவனங்களிலும் இடமுண்டு: ஃபோரமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பார்த்துப் பாறையின் வயதைச் சொல்ல ஆள் வேண்டும். இப்போதே மைக்ரோஸ்கோப்பில் கை பழகுங்கள்.

மக்களிடம் எடுத்துச் சொல்வது, ஆராய்ச்சி கைகூடாதவர்களின் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குஜராத்தில் ராஜாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் கிடைத்த ரையோலியைப் பாருங்கள். அங்கே பல்லாண்டுகளாக மக்களுக்கு விளக்கிவரும் ஆலியா சுல்தானா பாபி, இத்துறையில் பட்டம் வாங்கியவரல்ல. ஆய்வாளர்களோடு களத்தில் அலைந்து கற்றவர். ஒரு மூதாட்டி மசாலா அரைக்க வைத்திருந்த கல், டைனோசர் முட்டை என்று கண்டுகொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். எடுத்துச் சொல்ல ஆளில்லாத ஊரில் அப்படி எத்தனை முட்டை தேய்ந்து போயிருக்கும்!

உங்கள் மாவட்டத்திலேயே காரை என்ற ஊர் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த பின் அங்குள்ள ஓடைகளில் நடந்தால், தோட்டா போன்ற வழவழப்பான கற்கள் காலில் தட்டுப்படும். பெலெம்னைட் என்போம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலில் நீந்திய, கணவாயின் உறவுக்கார உயிரின் உள்ளோடு அது. பார்த்த பிள்ளை உடனே பையில் போட்டுக்கொள்ளும். அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், அந்தக் கல் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவாது. எடுக்காமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்துவைக்கப் பழக்குங்கள்.

எம்.எஸ்சி.க்குக் களப்பணி அதிகமுள்ள துறையாகப் பார்த்துச் சேருங்கள். படம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். கேமராவுக்குத் தெரியாத நுணுக்கம் வரையும்போது கண்ணில் படும். பட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரைப் பார்த்து, எட்டாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள்.