இன்ஜின் மாத்தினா போதுமா? அதோட கம்ப்யூட்டரையும் கவனிங்க!



போன மாதம் ஓரிக்கையில் நடந்த கூட்டத்தில் தவணை பாக்கி பற்றிப் பேசினோம். ஒழுங்காகக் கட்டிவந்த ஒரு அக்கா மூணு மாசமாகக் கட்டவில்லை. கல்யாண சமையல் வேலை எடுப்பவர். பாத்திரம் பண்டம் ஏற்றிப் போக, குழுக் கடனில் பழைய ஆம்னி வேன் வாங்கியிருந்தார். காரணம் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். "மேடம், இன்ஜின் போயிடுச்சுன்னு வேற இன்ஜின் வச்சோம். அன்னையிலேர்ந்து வண்டி பெட்ரோலைக் குடிக்குது. சம்பாதிக்கிறது எல்லாம் பங்க்குக்கே போவுது."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர், இப்போது 8. மாதம் 1200 கிலோமீட்டர் ஓட்டினால் முன்பு சுமார் 86 லிட்டர், இப்போது 150 லிட்டர். கூடுதலாக 64 லிட்டர்! லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 6400 ரூபாய். அவருடைய மாதத் தவணையை விட அதிகம்.

இதில் என்ன நடந்தது? வண்டி பழைய கார்புரேட்டர் ஆம்னி. அதில் பழைய சாமான் கடையில் வாங்கிய எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டர் என்பது காற்று உறிஞ்சும்போது பெட்ரோலும் தானாகச் சேர்ந்து வரும் ஏற்பாடு. எம்.பி.எஃப்.ஐ. அப்படி இல்லை. எத்தனை பெட்ரோல், எந்த நேரத்தில் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அதை ஈ.சி.யு. என்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வந்த பைக், ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் இது உண்டு. ஆகவே இது கார்க்காரர் சமாச்சாரம் மட்டும் இல்லை, நம்ம வீட்டு ஸ்கூட்டியின் சமாச்சாரமும்தான்.

தறி ஓட்டுகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாட்டுகிறோம். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அதனால்தான் கரையில் மயிலும் யாளியும் வருகிறது. ஈ.சி.யு.வுக்குள்ளும் இப்படி ஒரு "அட்டை" இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை மேப் என்பார்கள். கட்டம் கட்டமான அட்டவணை. ஒரு பக்கம் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, இன்னொரு பக்கம் எவ்வளவு பாரம் இழுக்கிறது. இரண்டும் சேரும் கட்டத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று எழுதியிருக்கும். ஸ்பார்க் எப்போது என்பதற்கு இன்னொரு அட்டவணை.

240 கொக்கி பெட்டிக்கு அடித்த அட்டையை 120 கொக்கி பெட்டியில் மாட்டினால் புட்டா வருமா? ஒரு இன்ஜினுக்கு எழுதிய மேப்போடு வேறு இன்ஜினை ஓட்டினாலும் அதே கதைதான்.

சரி, எத்தனை பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண், காது மாதிரி சென்சார்கள் உண்டு. இன்ஜின் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஒன்று, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்துக்கு ஒன்று, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு ஒன்று, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதற்கு ஒன்று. சைலன்சர் பக்கம் ஆக்ஸிஜன் சென்சார். இது எரிந்து வரும் புகையை முகர்ந்து பார்த்து "பெட்ரோல் ஜாஸ்தி", "கம்மி" என்று திருப்பிச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே கொஞ்சம் கூட்டும், குறைக்கும். குழம்பை ருசி பார்த்து உப்பு போடுகிற மாதிரி.

எந்த அளவு சரி? 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9000 லிட்டர் காற்று! எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு காற்று இதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போதும். பெட்ரோல் அதிகமானால் கறுப்புப் புகை, மைலேஜ் நஷ்டம், ஆயிலிலும் பெட்ரோல் கலந்து இன்ஜின் தேயும். பாரம் இழுக்கும்போது பெட்ரோல் குறைந்தால் அதைவிட ஆபத்து, சூடேறி பிஸ்டனே உருகிப் போகலாம். ஸ்பார்க் ரொம்ப முன்னாடி வந்தாலும் "டொக் டொக்" என்று தட்டி பிஸ்டனை உடைக்கும். ஆகவே "லேப்டாப் வச்சு பிக்கப் ஏத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஏற்றியது எது என்று கேளுங்கள்.

இப்போது அக்கா வண்டிக்கு வருவோம். வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் முதலில் ஸ்கேனரைச் செருகினார். தண்ணீர்ச் சூடு எவ்வளவு காட்டியது தெரியுமா? மைனஸ் 40 டிகிரி! காஞ்சிபுரத்து வெயிலில், அரை மணி நேரம் ஓடி வந்த வண்டி! சென்சார் வயர் பிடுங்கிக் கிடந்தால் அப்படித்தான் காட்டுமாம். கம்ப்யூட்டர் பாவம், "இன்ஜின் உறைஞ்சு கிடக்கு" என்று நம்பி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சாருக்கும் வயர் கொடுக்கவில்லை. ருசி பார்க்கவே ஆள் இல்லை. இதெல்லாம் தெரியாமல் இருக்க டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கின் பல்பையே கழற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மற்றது அரைகுறை வேலை, இது ஏமாற்று வேலை.

மேப்பைத் தொடாமலே, வயர் இரண்டையும் சரிசெய்து ஒரு சென்சார் மாற்றியதும் மைலேஜ் 13 வந்துவிட்டது. கற்றவர்கள் எல்லாரும் சொல்வதும் இதுதான்: முதலில் கம்ப்ரஷன், காற்றுக் கசிவு, எர்த் வயர், சென்சார் எல்லாம் பார்த்த பிறகே மேப். அதிலும் பழைய மேப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. முதலில் நின்ற இடத்தில் ஓட்டம், பிறகு சாதாரண வேகம், கடைசியில்தான் பாரம்.

இதை இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்கிறார்கள். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. மாணவர்கள் தாங்களே கார் கட்டி, அதில் பைக் இன்ஜினை வைப்பார்கள். விதிப்படி காற்று 20 மில்லிமீட்டர் துவாரம் வழியாகத்தான் போக வேண்டும். காற்று குறைந்துவிட்டால் கம்பெனி மேப் உதவாது, புதிதாக எழுதியாக வேண்டும். அந்தக் குழுக்களில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்தாவது முடித்த நம் பெண்கள் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வாகனப் பிரிவில் சேரலாம், இரண்டு வருடப் படிப்பு. ஓரிக்கை பணிமனை வாசலில் பஸ் ஏறுகிற நம் பிள்ளை, நாளைக்கு அதே மாதிரி ஒரு பணிமனைக்கு உள்ளேயே ஸ்கேனர் பிடித்து நின்றால் என்ன?

ஒரு முக்கியமான விஷயம். அக்காவின் ஆர்.சி. புத்தகத்தில் பழைய இன்ஜின் நம்பர்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே வகை இன்ஜின் வைப்பதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அந்த வருடத் திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்றும் வந்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இந்த நம்பரைத்தான். "மெக்கானிக் சொல்லலையே" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். வண்டி நம் பேரில்.

அக்கா இப்போது இன்ஜின் வாங்கிய ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தது. அதில் இன்ஜின் நம்பரே இல்லை. கடைக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து போகிறோம்.

குழுக் கடனில் வண்டி வாங்கிய உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல் இரண்டையும் கொண்டுவாருங்கள். வரும் முன் வண்டிச் சாவியை ஆன் செய்து பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.