மரப்பலகையில் சோலைமந்தி

நுழையும்முன்

காட்டின் உச்சியில் வாழும் உயிரைக் காடு காணாதவர் கண்முன் நிறுத்துவது ஒளிப்படக்கலை. அப்படம் மரப்பலகையில் பதிந்து வீட்டுச்சுவரை அணிசெய்யும்போது, அழகுடன் அறமும் சேர்த்தே எண்ணப்பட வேண்டும்.

அரிய உயிர்

மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கே உரியது சோலைமந்தி. கரிய உடலும் முகத்தைச் சூழ்ந்த வெண்சாம்பல் பிடரியும் கொண்டது. வால்நுனியில் உள்ள குஞ்சத்தால் சிங்கவால் குரங்கு எனவும் பெயர்பெற்றது. இவற்றுள் முதிர்ந்தவை 2,500க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது.

ஒளியும் நிழலும்

வெடிப்பலா முதலிய மரங்களின் உச்சியிலேயே இது பெரும்பொழுதைக் கழிக்கிறது. வெளிர்வானத்தின் பின்னணியில் கரிய உடல் வெறும் நிழலாகத் தெரியும். உடலுக்கேற்ப ஒளியைக் கூட்டினால் வானம் வெளுத்துவிடும். வானுக்கேற்பக் குறைத்தால் முகம் மறைந்துவிடும். ஆகவே, மென்மையான ஒளிக்காகக் கலைஞர் பொறுமையுடன் காத்திருக்கிறார்.

மரத்தில் பதியும் படம்

மெருகேற்றிய பலகையின்மீது அச்சுப்பொறி மையைத் தெளிக்க, புறஊதா ஒளி அதனை உடனே உறையச் செய்கிறது. மை குறைந்த இடங்களில் மரத்தின் நிறமே படத்தின் நிறமாகும். அதனால் வெண்பிடரி பழுப்பேறிவிடும். இதனைத் தவிர்க்க, அவ்விடத்தில் மட்டும் வெண்மையை முதலில் பூசுவர்; ஏனைய இடங்களில் மரவரிகள் இயல்பாகத் தெரியும்.

படத்தின் அறம்

வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டாக்கியுள்ளன. கிளைவழி அற்றுப்போக, தரையிறங்கும் சோலைமந்திகள் ஊர்திகளில் அடிபடுகின்றன. அவை கடந்து செல்ல, சாலையின் மேலே மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. படத்திற்காக உணவு காட்டி அழைப்பவர், அவற்றை மீண்டும் சாலைக்கே இழுக்கிறார். அவ்வாறு எடுத்த படம் எத்துணை அழகாயினும் குறையுடையதே.

பலகைக்கும் இது பொருந்தும். காட்டுமரத்தை வீழ்த்திச் செய்த பலகையில் சோலைமந்தியைப் பதிப்பது, அதன் வீட்டை இடித்து அதன் உருவை வரைவதற்கு ஒப்பாகும். தோட்டத்தில் வளர்த்த மரமோ, பழைய கட்டடத்திலிருந்து மீட்ட மரமோ இக்கலைக்கு ஏற்றது. சுவரில் உள்ள சோலைமந்தி அழகூட்டலாம். மரத்தில் உள்ள சோலைமந்தியே காட்டை உயிர்ப்பிக்கும்.

தெரிந்து தெளிவோம்

குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றின் பெண்பாலையும் மந்தி என்னும் பெயரால் குறிக்கிறது தொல்காப்பிய மரபியல். சோலைமந்தி என்னும் இன்றைய பெயரோ ஆண், பெண் இரண்டிற்கும் பொதுவாக வழங்குகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் காணும் விலங்கு ஒன்றை, அதன் வாழ்வுக்கு இடையூறின்றிப் படமெடுக்கும் முறைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.